கற்களுக்கு இடம் உண்டு

நம் சங்க மலருக்கு நான் ஒரு கட்டுரை தருகிறேன் என்றதும் ஆசிரியர் குழுவினர் மகிழ்ந்தார்கள். பொருள் என்ன என்று கேட்டார்கள். சொன்னேன். மகிழ்ச்சி பாதியாகக் குறைந்தது. “சங்க இலக்கியத்தில் பாலை நிலம் என்று ஏதாவது எழுதக் கூடாதா? நீங்கள் நிலவியல் மாணவி ஆயிற்றே, பொருத்தமாக இருக்குமே” என்றார் ஒரு நண்பர். பாலை நிலத்தைப் பற்றித்தான் எழுதப் போகிறேன் என்றேன். பாலை நிலத்தில் ஒரு வண்டி நிற்கிறது. அந்த வண்டியில் கழிப்பறை இல்லை. அதுவே என் பொருள்.

“அந்தச் சொல்லைத் தலைப்பிலாவது போடாதீர்கள்” என்று கேட்டுக்கொண்டார்கள். போடவில்லை. ஆனால் கட்டுரைக்குள் எழுதாமல் தீராது.

தமிழில் இதற்குச் சொல் பஞ்சம் இல்லை. வெளிக்குப் போதல் என்போம்; கொல்லைக்குப் போதல், ஒதுங்குதல், கால் கழுவுதல் என்போம். ஒன்றுக்கு, இரண்டுக்கு என்று கணிதத்தையும் துணைக்கு அழைப்போம். இத்தனை சொற்களையும் கூட்டிப் பார்த்தால் ஓர் உண்மை தெரியும். இந்தக் காரியம் வீட்டுக்கு வெளியே, கொல்லையில், ஒதுக்குப்புறத்தில் நடைபெற வேண்டியது என்று நம் முன்னோர் முடிவு செய்திருந்தார்கள். வெளியும் கொல்லையும் உள்ள வரையில் ஆண்களுக்கு அதில் ஒரு தொல்லையும் இல்லை. பெண்கள் இருட்டும் வரை காத்திருந்தார்கள். இன்றும் ஒரு வண்டியில் ஏறி நூறு மைல் போனால் அதே கதைதான். ஆண்கள் இறங்கி மரத்தடிக்குப் போகிறார்கள். பெண்கள் காத்திருக்கிறார்கள்.

சென்ற மார்ச்சு மாதம் எங்கள் துறையினர் களப்பணிக்காக ஆரவல்லி மலைப் பகுதிக்குச் சென்றோம். மாணவர் பதினொருவர், அவர்களில் மாணவியர் நால்வர். ஆசிரியர் இருவர், ஓட்டுநர் ஒருவர், ஆகப் பதினான்கு பேர். உதயப்பூருக்கு அருகே ஜாமர்கோட்டடா என்ற இடத்தில் பாறைக்குள் பதிந்துள்ள ஸ்ட்ரோமட்டோலைட் படிவங்களைப் பார்த்தோம். நீலப்பச்சை நுண்ணுயிர்கள் ஏறத்தாழ 180 கோடி ஆண்டுகளுக்கு முன் ஏடு ஏடாகப் படிந்து கட்டிய கோபுரங்கள் அவை. அவற்றைக் கையால் தொட்டபோது எனக்கு உண்மையிலேயே மெய் சிலிர்த்தது. இந்தப் படிப்பை நான் ஏன் தேர்ந்தெடுத்தேன் என்பதற்கு அந்த ஒரு நிமிடமே போதும்.

மறுநாள் நடந்ததுதான் நான் சொல்ல வந்தது. காலை ஆறு மணிக்குப் புறப்பட்டோம். நாங்கள் நால்வரும் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளாமலே ஒரே முடிவுக்கு வந்திருந்தோம்: தண்ணீர் குடிப்பதில்லை. முதல் நாள் பட்ட பாடு அப்படி. முள் மரங்கள் இடுப்பளவுக்கு மேல் வளராத மேடு. எங்கே பார்த்தாலும் திறந்த வெளி. வழியில் இருந்த ஒரு பெட்ரோல் நிலையத்தில் பெண்கள் கழிப்பறைக்குப் பூட்டுத் தொங்கிற்று. சாவி யாரிடம் என்று யாருக்கும் தெரியவில்லை. ஆகவே மறுநாள் நாவை நனைப்பதோடு நிறுத்திக்கொண்டோம். மலைச்சரிவில் பாறையின் சாய்கோணத்தை அளந்துகொண்டிருந்த தோழி பிற்பகல் இரண்டு மணிக்கு மயங்கி விழுந்தாள். வெயிலால் வந்தது என்றார் ஆசிரியர். வெயில் ஏழு மாணவர்களுக்கும் பொதுவாகத்தானே அடித்தது? அவர்களில் ஒருவரும் விழவில்லையே!

ஊர் திரும்பிய பின் அந்தத் தோழி தன் ஆய்வுப் பொருளை மாற்றிக்கொண்டாள். களத்தில் வரைபடம் வரையும் வேலை வேண்டாம். யாரோ கொண்டு வந்து கொடுக்கும் பாறையை மெல்லிய சீவலாக அறுத்து, ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்து நுண்ணோக்கியில் பார்த்துக்கொள்கிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். “பெண்களுக்குக் களப்பணியில் நாட்டம் குறைவு” என்று அதன் பிறகு ஒரு பெரியவர் வகுப்பிலேயே சொன்னார். நாட்டத்தில் குறை இல்லை, ஐயா. எங்கள் வகுப்பிலேயே மலை ஏறுவதில் அவளை முந்தியவர் கிடையாது. குறை வண்டியில் இருந்தது.

அந்த வண்டியைப் பற்றிச் சொல்கிறேன். இருபது இருக்கைகள் கொண்ட சிற்றுந்து. பின்புறம் இரண்டு இருக்கைகளை எடுத்துவிட்டு அங்கே இரும்பு அடுக்கு ஒன்று அமைத்திருக்கிறார்கள். அது பாறை மாதிரிகள் வைப்பதற்கு. திரும்பி வரும்போது ஆளுக்குப் பதினைந்து, இருபது கிலோ கல் சேர்ந்துவிடும். கல் உருளாமல் இருக்கத் தடுப்பு, கீறல் விழாமல் இருக்கச் சாக்கு, ஒவ்வொன்றுக்கும் எண். கற்களின் வசதியை இவ்வளவு கருத்தோடு எண்ணிப் பார்த்த துறைக்கு, அந்தக் கற்களைச் சுமப்பவர்களைப் பற்றி எண்ணிப் பார்க்க நேரம் இருந்திருக்காது.

ஓடும் வண்டியில் கழிப்பறை என்பது நடவாத காரியமா? நம் ரயில் வண்டிகளைப் பாருங்கள். 1909-ஆம் ஆண்டில் ஒகில் சந்திர சென் என்ற வங்காளப் பயணி ஒருவர், ரயில் நின்ற நேரத்தில் இயற்கை உபாதைக்காக இறங்கி, வண்டியைத் தவறவிட்டு, நடைமேடையில் எல்லோர் முன்னிலையிலும் அவமானப்பட்டு, அதிகாரிகளுக்குக் காரசாரமாக ஒரு கடிதம் எழுதினார். அக்கடிதம் டெல்லி ரயில் அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டுப் பலரும் படித்துச் சிரிப்பது. அதன் பயனாகவே கீழ்வகுப்புப் பெட்டிகளுக்குக் கழிப்பறை வந்தது என்று சொல்வார்கள். அவருடைய ஆங்கிலத்தைக் கண்டு சிரிப்பவர்கள் அவருடைய துணிச்சலைக் கவனிப்பதில்லை. வேட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடியதை மறைக்காமல் எழுதித் தன் பெயரையும் போட்டாரே, அந்தத் துணிச்சல்! நானும் என் பெயரைப் போட்டுத்தான் எழுதுகிறேன்.

அந்த ரயில் கழிப்பறை நெடுங்காலம் ஒரு துளையாகவே இருந்தது. கழிவெல்லாம் தண்டவாளத்தில் விழும், தண்டவாளம் அரிக்கும், நிலையத்தில் விழுந்ததை மனிதர் ஒருவர் துடைப்பம் கொண்டு தள்ள வேண்டும். பிறகு பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனத்தார், பனிமலையில் காவல் நிற்கும் படைவீரர்களுக்காக உருவாக்கிய உயிரிக் கழிப்பறை முறையை ரயிலுக்கும் பொருத்தினார்கள். பெட்டிக்கு அடியில் ஒரு தொட்டி, தொட்டிக்குள் தடுப்பறைகள், காற்று இல்லாமல் வாழும் பாக்டீரியாக்கள் கழிவைத் தின்று நீராகவும் மீதேனாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றுகின்றன. 2010-களின் இறுதிக்குள் ஏறக்குறைய எல்லாப் பயணிகள் பெட்டிகளிலும் இது வந்துவிட்டது. பயணிகள் அதற்குள் பாட்டிலையும் குட்கா உறையையும் போட்டு அடைத்தார்கள் என்பது வேறு கதை. 2017-இல் தணிக்கை அதிகாரிகள் அதைப் பற்றி விரிவாகவே எழுதினார்கள். அடைத்தது நாம், பழி பாக்டீரியாவுக்கு!

அமெரிக்காவில் குடும்பத்தோடு ஊர் சுற்றுவதற்கென்றே வீட்டு வண்டி வைத்திருக்கிறார்கள். சமையலறை, படுக்கை, குளியலறை எல்லாம் அதற்குள். நம் ஊரில் இவ்வகை வண்டியைக் ‘கேரவன்’ என்றால் சினிமா நட்சத்திரம் ஒப்பனை செய்துகொள்ளும் வண்டி என்றே எல்லோரும் நினைப்பார்கள். 2021-இல் கேரள அரசு சுற்றுலாப் பயணிகளுக்காகக் கேரவன் திட்டம் ஒன்றையே தொடங்கிற்று. ஆக, நட்சத்திரத்துக்கு உண்டு, சுற்றுலாப் பயணிக்கு உண்டு. மாணவிக்குத்தான் கிடையாது.

அந்த வீட்டு வண்டிகளின் குளியலறையை எப்படி அமைக்கிறார்கள் என்று சில மாதங்களாகத் தேடித் தேடிப் படித்தேன். என் ஆய்வுக்குப் படித்ததைவிட இதற்குப் படித்தது அதிகம் என்று அறைத்தோழி கேலி செய்கிறாள். நீரை அவர்கள் மூன்று நிறமாகப் பிரிக்கிறார்கள். குழாய்க்கு வரும் நல்ல நீர். கை கழுவி, குளித்து ஓடுகிற சாம்பல் நீர். கழிப்பறையிலிருந்து இறங்கும் கருநீர். மூன்றுக்கும் மூன்று தொட்டிகள். ஓர் ஊருக்குச் சென்றதும் முதலில் கருநீரைத் திறந்து விட்டு, அதே குழாயில் பிறகு சாம்பல் நீரை விடுவார்கள்; பின்னது முன்னதைக் கழுவிவிடும். புதிதாக வண்டி வாங்கியவர்கள் செய்யும் பிழை ஒன்று உண்டு. கருநீர்த் தொட்டியின் அடைப்பானை எப்போதும் திறந்தே விட்டுவிடுவார்கள். நீர் மட்டும் ஓடிவிடும். மற்றது தொட்டிக்குள் எகிப்தியக் கோபுரம் போல எழும்பி இறுகிவிடும். படிவுப் பாறை உண்டாகும் விதத்தை இதைவிடத் தெளிவாக எந்தப் பாடநூலும் விளக்கவில்லை.

வீட்டுக் கழிப்பறைக்கும் வண்டிக் கழிப்பறைக்கும் அடிப்படையில் ஒரு வேறுபாடு உண்டு. வீட்டில் நாற்றத்தைத் தடுப்பது வளைந்த குழாயில் தேங்கி நிற்கும் நீர். வண்டி குலுங்கினால் அந்த நீர் அலம்பிச் சிந்திவிடும். பிறகு தடுப்பு இல்லை. ஆகவே ரப்பர் விளிம்பு வைத்த தகட்டுக் கதவு ஒன்று அடியில் இருக்கும். பயன்படுத்தும்போது திறக்கும், பிறகு இறுக மூடிக்கொள்ளும். தொட்டியிலிருந்து ஒரு மெல்லிய குழாய் கூரைக்கு மேலே போகும். வாயு உள்ளே வராமல் மேலே போய்விடும்.

எங்கள் சிற்றுந்துக்கு எது ஏற்றது? உயிரிக் கழிப்பறையே நம் நாட்டுக் கண்டுபிடிப்பு, அதையே வைக்கலாமே என்று நண்பர் ஒருவர் சொன்னார். தேசபக்தி நல்லதுதான். ஆனால் பாக்டீரியாவுக்கு நாள்தோறும் தீனி வேண்டும். எங்கள் வண்டி ஆண்டுக்கு நான்கு முறை கிளம்புகிறது. மூன்று மாதம் பட்டினி கிடந்த பாக்டீரியாவிடம் திடீரென்று ஒரு நாள் போய் வேலை செய் என்றால் செய்யுமா? பெரிய கருநீர்த் தொட்டியும் எங்களுக்கு ஆகாது. நூற்றைம்பது லிட்டர் தொட்டி நிறைந்தால் நூற்றைம்பது கிலோ. மலைச்சாலை வளைவில் அது ஒரு பக்கமாக அலம்பினால் வண்டியையே இழுக்கும். தவிர, அதைக் காலி செய்ய வேண்டிய வசதியான இடம் அமெரிக்க முகாம்களில் உண்டு, ஆரவல்லியில் இல்லை.

எங்களுக்கு ஏற்றது பெட்டித் தொட்டிதான். இருக்கைக்கு அடியில் சுமார் இருபது லிட்டர் கொள்ளும் மூடிய பெட்டி ஒன்று இருக்கும். அதைத் தனியே கழற்றிக் கைப்பிடியைப் பிடித்துத் தூக்கிச் சென்று, சாதாரணக் கழிப்பறை ஒன்றில் கவிழ்த்துக் கழுவிக் கொண்டு வரலாம்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒருவர் ஒரு முறை கழிக்கும் சிறுநீர் ஏறத்தாழ 300 மில்லி லிட்டர். அமெரிக்கருக்குக் காகிதம் போதும். நமக்குத் தண்ணீர் வேண்டும். அங்கேதான் அந்நிய நாட்டு அளவு நமக்குத் தவறிப் போகிறது. ஒரு சொம்புத் தண்ணீரைத் தாராளமாக ஊற்றினால் ஒரு லிட்டர் போய்விடும். இருபது லிட்டர்ப் பெட்டி நாள் முடிவதற்குள் நிறைந்துவிடும். ஆகவே சொம்பு கூடாது. ரோஜாச் செடிக்கு மருந்து தெளிக்கக் கடையில் விற்கும் கைத்தெளிப்பான் ஒன்று போதும். அதில் 200 மில்லி லிட்டரில் காரியம் முடியும். விடுதியில் நானே சோதித்துப் பார்த்துவிட்டேன். பீங்கானைக் கழுவ இன்னும் 200. ஆக ஒரு முறைக்கு 700 மில்லி லிட்டர். நால்வர், நாளுக்கு நான்கு முறை என்றால் 11.2 லிட்டர். அதாவது ஒரு நாள் முழுவதும் நிம்மதியாகக் கழியும். மாலையில் விடுதிக்குச் சென்றதும் காலி செய்துவிடலாம். மாணவர்களும் ஆசிரியர்களும் இதையே பயன்படுத்துவார்களானால் இரண்டாவது பெட்டி ஒன்று வேண்டும். பயன்படுத்தக் கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். எங்கள் ஆசிரியர் ஒருவர் நீரிழிவு நோயாளி. அவரும் எங்களைப் போலவே வாய் திறவாமல் துன்பப்பட்டார் என்பது எங்களுக்குப் பின்னால்தான் தெரிந்தது.

நாற்றம் பற்றித்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். சிறுநீரில் உள்ள யூரியாவுக்குத் தனியே அவ்வளவு வாடை கிடையாது. மலத்தில் உள்ள நுண்ணுயிர்களின் யூரியேஸ் என்ற நொதி அதைப் பிளந்து அம்மோனியா ஆக்கும்போதுதான் மூக்கைத் துளைக்கிறது. இரண்டையும் பிரித்தே சேர்ப்பது இதற்கு ஒரு வழி. நம் திருச்சி மாவட்டத்து முசிறியில் அவ்வாறு பிரித்துச் சேர்க்கும் பொதுக் கழிப்பறைகள் கட்டி, எருவுக்குப் பயன்படுத்தியிருக்கிறார்கள். வீட்டு வண்டிக்காரர்களில் சிலரும் பிரித்துச் சேர்த்து, மலத்தின் மேல் தென்னைநார்த் தூளைத் தூவி மக்கச் செய்கிறார்கள். பொள்ளாச்சிப் பக்கத்தில் கட்டியாக அழுத்தி ஏற்றுமதி செய்கிறார்களே, அந்தத் தூள்தான்! நம் ஊர்த் தென்னை மட்டை எங்கெல்லாம் போய்ச் சேவை செய்கிறது பாருங்கள். எங்கள் வண்டிக்கு இவ்வளவு வேண்டாம். பெரும்பாலும் சிறுநீருக்கே பயன்படும். அன்றன்றே காலி செய்துவிட்டால் போதும். பெட்டிக்குள் ஊற்றும் பார்மால்டிஹைடு மருந்தை மட்டும் நான் எதிர்க்கிறேன். நுண்ணுயிரைக் கொன்று வாடையை அடக்கும், உண்மைதான். ஆனால் அதைக் கொண்டு போய் எந்த வீட்டுத் தொட்டியில் கவிழ்க்கிறோமோ அந்தத் தொட்டியின் பாக்டீரியாவையும் அது கெடுக்கும்.

நிற்க. எனக்குக் கரூரில் ஒரு மாமா இருக்கிறார். பேருந்துக்குப் பாடி கட்டும் பட்டறையில் முப்பது ஆண்டுகளாக வேலை. படம் வரைந்து அனுப்பிவிட்டுத் தொலைபேசியில் கூப்பிட்டேன்.

“ஏனுங்க மாமா, பார்த்தீங்களா?”

“பார்த்தேன் கண்ணு. படம் நல்லாத்தான் இருக்குது. ஆனா இந்த ஒட்டுப்பலகைய யாரு போடச் சொன்னாங்க? ஈரம் பட்டா ஆறு மாசத்துல ஊதிப் போயிரும். அலுமினியத் தகடு போடு. தரைக்கு வழுக்காத தகடு, ஓரம் நாலு விரல் மேல ஏறி மடங்கோணும். இல்லாட்டித் தண்ணி அடிச் சட்டத்துல எறங்கித் துரு புடிச்சிரும். அப்புறம் வண்டியே போச்சு.”

குளிப்பதற்கும் ஒரு தூவாலைக் குழாய் வைக்கலாமா என்று கேட்டேன். மாமா சிரித்தார். “குளிக்கிறதுக்கு ஊர்ல கெணறு இல்லையா கண்ணு?” என்றார். அவர் சொன்னது சரி. அமெரிக்கத் தூவாலை ஒன்று நிமிடத்துக்கு ஒன்பது லிட்டருக்கு மேல் கொட்டவல்லது. நம் வாளியிலே இரண்டு நிமிடக் கணக்கு அது. மாலையில் தங்கும் விடுதியில் குளித்துக்கொள்ளலாம். வண்டிக்குத் தேவை கழிப்பறை, கை கழுவ ஒரு சிறு தொட்டி, காலால் மிதித்தால் நீர் வரும் விசை, இருபது லிட்டர் நல்ல நீர், அவ்வளவே. கதவுக்கு உள்ளே தாழ்ப்பாள் உறுதியாக இருக்க வேண்டும். பிடித்துக்கொள்ளக் கம்பி ஒன்று. வண்டி மின்கலத்தில் ஓடும் 12 வோல்ட் விசிறி ஒன்று. மாதவிடாய்த் துணியையும் பஞ்சையும் போட மூடியுள்ள கூடை ஒன்று. இதைப் படத்தில் வரைய நானே மறந்துபோனேன், அத்தைதான் மாமாவின் பின்னாலிருந்து நினைவூட்டினார். வண்டி நிற்கும்போது மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று கதவில் எழுதிவிடலாம். ஓடும்போது எழுந்து நடப்பது ஆபத்து. இடம் மூன்றடிக்கு மூன்றடி போதும். எல்லாம் சேர்ந்து நிறைந்த நிலையில் எடை இரண்டு ஆள் எடையைத் தாண்டாது என்பது மாமாவின் மதிப்பு.

இடம் எங்கே என்று கேட்பீர்கள். இன்னும் இரண்டு இருக்கைகளை எடுக்க வேண்டியதுதான். பதினான்கு பேருக்கு அப்போதும் தாராளமாக இருக்கும். இருக்கைக் கணக்கு மாறுவதால் மோட்டார் வாகனச் சட்டப்படி வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் ஒப்புதல் பெற்றுப் பதிவுப் புத்தகத்தில் குறித்துக்கொள்ள வேண்டும். கல் அடுக்கு வைப்பதற்கு அந்த ஒப்புதல் பெற்றார்களே, அதே வழிதான்.

செலவு? பெட்டித் தொட்டியுடன் கூடிய இருக்கை, பாறை பார்க்கும் நல்ல நுண்ணோக்கி ஒன்றின் விலையில் ஒரு சிறு பங்குதான். ஆகவே பணம் தடையாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. வேறொரு தடை இருக்கிறது. அதைச் சொல்லவே எனக்குத் தயக்கம்.

வகுப்பில் இதைப் பேசியபோது எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். பிறகு ஒருவர் கேட்டார்: “பெட்டியை யார் காலி செய்வது?” உடனே மற்றொருவர் சொன்னார்: “அதற்கென்ன, தங்கும் இடத்தில் யாராவது ஆள் கிடைப்பான். நூறு ரூபாய் கொடுத்தால் போகிறது.” ஒருவரும் மறுக்கவில்லை. சில கணம் நானும் மறுக்கவில்லை. சிக்கல் தீர்ந்தது என்றே எனக்கும் தோன்றிற்று. அதை எண்ணி இன்றும் வெட்கப்படுகிறேன்.

என் பாட்டி புகுந்த வீட்டுக்குப் பின்னால் ஒரு சந்து இருந்ததாம். அந்தச் சந்து வழியாக நாள்தோறும் ஓர் அம்மாள் தகரத்தோடு வந்து போவாளாம். முன்வாசல் பக்கம் அவள் வரக் கூடாது. பாட்டிக்கு ஊரில் எல்லோர் பெயரும் தெரியும். அந்த அம்மாளின் பெயர் மட்டும் தெரியாது. “கேக்கணும்னு தோணலையே சாமி” என்று சாகும் முன் ஒரு முறை சொன்னாள். மனிதக் கழிவை மனிதர் கையால் அகற்றும் தொழிலைத் தடை செய்து 2013-இல் புதிய சட்டமே வந்தது. அதற்குப் பிறகும் கழிவுநீர்க் குழியில் இறங்கி மூச்சடைத்து இறந்தவர் செய்தி நாளிதழில் வருகிறது, தமிழ்நாட்டிலிருந்தும் வருகிறது. அப்படியிருக்க, பட்டப்படிப்பு முடித்து மேற்படிப்பும் படிக்கும் பதினொரு பேர், நூறு ரூபாய்க்கு ஓர் ஆளைத் தேடுவதா? எங்கள் நால்வரின் மானத்தைக் காப்பதற்காக இன்னொருவர் மானத்தை விலைக்கு வாங்குவதா?

ஆகவே என் யோசனையில் ஒரு நிபந்தனை சேர்த்திருக்கிறேன். பெட்டியைப் பயன்படுத்தியவர்களே முறை வைத்துக் காலி செய்ய வேண்டும். ஆசிரியர் பயன்படுத்தினால் ஆசிரியருக்கும் முறை உண்டு. ரப்பர்க் கையுறை, சோப்பு, ஒரு வாளித் தண்ணீர், ஐந்து நிமிடம். எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஹைட்ரோபுளோரிக் அமிலத்தைக் கையாளுகிறோம். ஒரு துளி தோலில் பட்டால் எலும்பு வரை போகும். அதற்கு அஞ்சாதவர்கள் தங்கள் சொந்தச் சிறுநீருக்கு அஞ்சுகிறார்கள் என்பது விந்தையிலும் விந்தை.

இந்த நிபந்தனையைச் சேர்த்ததும் ஆதரவு சரிந்தது. முன்பு பதினொருவரும் கையெழுத்திட ஆயத்தமாக இருந்தார்கள், இப்போது எழுவர். நிபந்தனையை எடுத்துவிட்டால் காரியம் எளிதில் முடியுமே, பிறகு பார்த்துக்கொள்ளலாமே என்று நலம் விரும்பிகள் சொல்கிறார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. மயங்கி விழுந்த தோழிக்கு நிபந்தனை முக்கியமா, கழிப்பறை முக்கியமா? இரண்டு இரவு யோசித்தேன். அவளையே கேட்டேன். “என் முறை முதல் நாள் என்று போடு” என்றாள். வேறெதுவும் சொல்லவில்லை.

ஓட்டுநரிடமும் காட்டினேன். வண்டியில் வாழ்பவர் அவர்தானே. படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “பேட்டி, இது எனக்கும்தானே?” என்று கேட்டார். இருபத்திரண்டு ஆண்டுகளாக வண்டி ஓட்டுகிறவர். அவருக்கும் ஒரு முறை உண்டு என்றேன். அப்படியானால் தன் கையெழுத்தும் வேண்டும் என்று வாங்கிப் போட்டார். இப்போது எட்டு.

விண்ணப்பம் துறைத்தலைவரின் மேசையில் இருக்கிறது. அடுத்த களப்பணி பிப்ரவரியில். இந்தமுறை ஜோத்பூர், எரிமலைச் சாம்பல் இறுகிய மலானிப் பாறைகளைப் பார்க்கப் போகிறோம். அங்கே முள் மரமும் குறைவு. கரூர் மாமா விடுமுறையில் ஒரு வாரம் இங்கே வந்து தாமே தகடு அடித்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அவருக்கு ரயில் கட்டணமும் இரண்டு வேளை இட்டிலியும் போதுமாம். இட்டிலிக்கு நம் சங்கத்தார் பொறுப்பேற்றால் நலம்.